கோவளத்தில் முதல் சர்ஃபிங்: நண்பர்களோடு போகிறவர்களுக்கு

நீண்ட வார இறுதியில் நான்கைந்து நண்பர்கள் ஈசிஆர் பக்கம் அறை எடுத்துத் தங்கினால், யாராவது ஒருவர் "சர்ஃபிங் போய்ப் பார்க்கலாமா?" என்று ஆரம்பித்துவிடுகிறார். நல்ல யோசனைதான். சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே, முட்டுக்காட்டைத் தாண்டினால் கோவளம். கேரளத்துக் கோவளம் வேறு, இது செங்கல்பட்டு மாவட்டத்து மீனவர் ஊர். இங்கே காலையில் வந்து கற்றுக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குள் அறைக்குத் திரும்பிவிடலாம்.

இந்த ஊரில் சர்ஃபிங் வேரூன்றியதற்கு முக்கியக் காரணம் மூர்த்தி மேகவன் என்ற மீனவர். தானும் கற்று, ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். 2013-இல் இங்கே சர்ஃபிங் திருவிழா தொடங்கியது. கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் கூட வந்து அலையேறியிருக்கிறார். 2025 ஆகஸ்டில் பக்கத்து மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்தது. அதில் கர்நாடகத்தின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். ஆசியப் போட்டியில் இந்தியருக்குக் கிடைத்த முதல் தனிநபர் பதக்கம் அது. இன்று இந்தக் கரையில் சொல்லித்தரும் பயிற்சியாளர்கள் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். கட்டுமரத்தை அலை மேல் ஏற்றிக் கரைசேர்த்த பரம்பரைக்குப் பலகை மேல் நிற்பது அவ்வளவு புதிய வித்தை இல்லை.

நமக்குப் புதிது. ஆகவே முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாளில் போர்டின் மேல் எழுந்து நிற்பதைக் குறிக்கோளாக வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஒழுங்காக விழத் தெரிய வேண்டும், கடலைப் பார்த்து 'இங்கே இறங்கலாம், அங்கே கூடாது' என்று சொல்லத் தெரிய வேண்டும். இந்த இரண்டும் வந்துவிட்டால் நிற்பது தானாக வரும். பெரும்பாலானவர்கள் முதல் வகுப்பிலேயே ஒருமுறையாவது நின்றுவிடுகிறார்கள். நிற்காவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

எந்த மாதம், எந்த நேரம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். வடகிழக்குப் பருவமழையும் புயல் சின்னங்களும் சேர்ந்து கடலைக் கலக்கி வைத்திருக்கும். அலை பெரிதாக இருப்பது மட்டும் பிரச்சினை இல்லை, திசை கெட்டுத் தாறுமாறாக உடையும். மே முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து அலை சீராக வரும். உள்ளூர்க்காரர்கள் விரும்பும் பருவம் இது. அலை கொஞ்சம் வலுவாகவே இருக்கும் என்பதால் புதியவர்கள் பயிற்சியாளரைக் கேட்டு, அன்றைய நிலையைப் பொறுத்து முடிவு செய்ய வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பெரும்பாலும் அலை சிறியது. கல்யாண வீட்டுத் தேதிபோல் விடுமுறையை மாற்றவே முடியாதென்றால் சரி. மாற்ற முடியுமென்றால் முதல்முறைக்கு இந்த மாதங்களையே நான் சொல்வேன்.

மாதத்தைவிட நேரம் முக்கியம். காலை ஆறு, ஆறரைக்குக் கரையில் இருக்க வேண்டும். கோடையில் அதிகாலையில் கரையிலிருந்து கடலை நோக்கிக் கச்சான் காற்று, அதாவது மேற்குக் காற்று வீசும். அது அலையின் முகத்தைத் தடவி நேராக்கிவிடுகிறது. முற்பகல் கடந்து நிலம் சூடேறியதும் காற்று திரும்பிக் கடலிலிருந்து அடிக்கத் தொடங்கும். அதன்பிறகு தண்ணீர் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்ன அலை. போர்டில் படுக்கவே ஆட்டம் காட்டும். "பத்து மணிக்குப் போகலாம், டிபன் சாப்பிட்டுவிட்டு" என்கிற நண்பரின் பேச்சைக் கேட்டால் வெயிலும் கெட்ட அலையும் சேர்ந்துதான் கிடைக்கும்.

முந்தைய நாள் மாலை இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) கடலோர மாவட்டங்களுக்கு உயர் அலை எச்சரிக்கை வெளியிடும். செய்தியிலும் வரும். இன்னொன்று, பயிற்சிப் பள்ளிக்கு ஒரு போன். "அண்ணா, நாளைக்குக் கடல் எப்படி இருக்கும்? நாங்க எல்லாரும் முதல் தடவை" என்று கேட்டால் நேர்மையான பள்ளி நேராகப் பதில் சொல்லும்.

எச்சரிக்கை வந்தால் பயணமே வீணானாலும் இறங்கக் கூடாது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் சுற்றுலா வந்த மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். 'கள்ளக்கடல்' எச்சரிக்கை நடப்பில் இருந்த நாட்கள் அவை. உள்ளூரில் காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். எங்கோ தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி எழுந்த அலை வந்து மோதும். பார்வைக்கு அமைதியாக இருக்கிறதே என்று நம்பக்கூடாதென்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம்.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பது

போர்டு மட்டும் வாடகைக்கு வாங்கி, யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமே என்று குழுவில் ஒருவர் சொல்வார். மறுத்துவிடுங்கள். இதில் பேரம் கிடையாது.

பள்ளியிடம் கேட்க வேண்டியவை சில. பயிற்சியாளருக்குச் சர்வதேச சர்ஃபிங் சங்கத்தின் (ஐஎஸ்ஏ) சான்றிதழ் இருக்கிறதா? நீர் மீட்பிலும் முதலுதவியிலும் பயிற்சி பெற்றவரா? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? முதல் நாளில் நான்கு பேருக்கு ஒருவர் என்பதற்கு மேல் போனால் எனக்குத் திருப்தி இல்லை. கடல் சரியில்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு நாளுக்கு மாற்றுவார்களா? இந்தக் கடைசிக் கேள்வி பலருக்கு அற்பமாகத் தெரியும். ஆனால் ரத்து செய்தால் தங்களுக்கு நஷ்டம் என்று நினைக்கும் பள்ளி, ரத்து செய்ய வேண்டிய நாளிலும் உங்களை இறக்கிவிடும்.

கட்டணம் பள்ளிக்குப் பள்ளி மாறும். போர்டு, உடை, காப்பீடு எல்லாம் அதில் அடக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நூறு இருநூறு ரூபாய் குறைவு என்பதற்காகப் பள்ளி மாறாதீர்கள்.

போர்டு விஷயத்திலும் ஒன்று. புதியவர்களுக்குத் தருவது மேல்பக்கம் நுரைப்பொருளால் ஆன, 8 அல்லது 9 அடி நீளமுள்ள பெரிய போர்டு. தலையில் பட்டாலும் மண்டை உடையாது, அகலமாக மிதக்கும், நிற்க வசதி. நண்பர் ஒருவர் "எனக்கு அந்தச் சின்ன போர்டு வேண்டும், அழகாக இருக்கிறது" என்பார். சின்ன போர்டு பழகியவர்களுக்கு. புதியவர் அதில் படுத்தாலே பாதி முழுகிவிடும்.

யார் இறங்கலாம்

குழுவாகப் போவதில் இருக்கும் சிக்கல் இங்கேதான். தனியாகப் போகிறவர் பயம் வந்தால் நின்றுவிடுவார். நான்கு பேர் சுற்றி நின்று "வாடா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லும்போது நிற்க முடியாமல் இறங்கிவிடுவார். ஆகவே முந்தைய இரவே ஒரு பேச்சு பேசிவிடுங்கள். யார் வேண்டாம் என்றாலும் ஏன் என்று கேட்கக்கூடாது, கிண்டல் செய்யக்கூடாது. விளையாட்டாகத் தோன்றினாலும் கறாராக இருங்கள்.

நீச்சல் தெரியாதவர்? முதல் வகுப்பு இடுப்பளவு தண்ணீரில்தான் நடக்கும், எனவே நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று சில இடங்களில் சொல்வார்கள். நான் உடன்படவில்லை. அலையில் ஓரடி பின்வாங்கினால் இடுப்பளவு கழுத்தளவாகும். 50 மீட்டர் நீந்தவும், பயப்படாமல் இரண்டு நிமிடம் மல்லாந்து மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். மிதப்பதே முக்கியம். பயணத்துக்கு முன் சில வாரம் ஊரில் நீச்சல் குளத்துக்குப் போய் அதை மட்டும் பழகினால்கூடப் போதும்.

வலிப்பு, இதயக் கோளாறு, அடிக்கடி இறங்கிவிடும் தோள்பட்டை, செவிப்பறையில் ஓட்டை, கர்ப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். ஆஸ்துமா இருப்பவர்கள் இன்ஹேலரைக் கரையில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு, பயிற்சியாளரிடமும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு அரிய சிக்கல் இருக்கிறது, அது பெரும்பாலும் முதல்முறை ஏறுகிறவர்களுக்கே வரும் என்பதால் சொல்கிறேன். போர்டில் குப்புறப் படுத்து முதுகை வில்லாக வளைத்தபடி நெடுநேரம் இருந்தால் சிலருக்குத் தண்டுவடத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் பாதிக்கப்படுகிறது. சர்ஃபர்ஸ் மைலோபதி என்று பெயர். அடிபடாமலே வரும். திடீரென்று முதுகுவலி, பிறகு கால் மரத்துப்போதல் அல்லது வலுவிழத்தல் என்று போகும். மிகவும் அரிது, பயந்து ஒதுங்கத் தேவையில்லை. ஆனால் முதுகு வலித்துக் கால் கூசினால் "இன்னும் ஒரு அலை" என்று பார்க்காமல் உடனே கரையேறி மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். நடுநடுவே போர்டின் மேல் எழுந்து உட்கார்ந்து முதுகை ஓய்வாக்குவது நல்ல வழக்கம்.

இறங்காத நண்பருக்கும் வேலை இருக்கிறது. கரையில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பது. போன் கேமராவில் ரீல் எடுக்கும் ஆளை இந்த வேலைக்கு வைக்காதீர்கள். அவர் பார்ப்பது ஒருவரைத்தான், மற்ற மூவரை இல்லை. 108 எல்லோருக்கும் தெரியும். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் உதவி எண் 1093. அதையும் போனில் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

உடையும் வயிறும்

முந்தைய இரவு மது வேண்டாம். ரிசார்ட்டில் தங்கி அதைத் தவிர்ப்பது கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் பாதி போதையில் காலை ஆறு மணிக்கு இறங்குவது தற்கொலைக்குச் சமம். அப்புறம் கொண்டாடிக்கொள்ளலாம். காலையில் ஒரு வாழைப்பழம், ஒரு டீ, கொஞ்சம் தண்ணீர் போதும். பொங்கலும் வடையும் வந்த பிறகு.

உடம்போடு ஒட்டும் முழுக்கை டீ-ஷர்ட், சைக்கிள் ஷார்ட்ஸ் அல்லது லெகிங்ஸ் சரியான உடை. பெரும்பாலான பள்ளிகள் ராஷ் கார்டு எனும் நீச்சல் மேலாடை தருகின்றன. போர்டின் மேல் நெஞ்சும் வயிறும் உரசி உரசித் தோல் வழண்டுவிடும், அதைத் தடுப்பதற்காக. பருத்திச் சுடிதார், துப்பட்டா, ஜீன்ஸ் எல்லாம் தண்ணீரைக் குடித்துக் கனத்துக் காலில் சுற்றிக்கொள்ளும். கழுத்துச் சங்கிலி, மோதிரம், வளையல், தொங்கட்டான், கொலுசு கழற்றி வைத்துவிடுங்கள். தாலியைக் கழற்றமாட்டேன் என்பவர்கள் டீ-ஷர்ட்டுக்குள் இறுக்கி ஊக்குப் போட்டுக்கொள்ளட்டும். நீளமான தலைமுடியைப் பின்னலாகக் கட்ட வேண்டும். மூக்குக் கண்ணாடி நிற்காது, கான்டாக்ட் லென்ஸ் கழன்றுவிடும். பார்வை ரொம்ப மங்கலானவர்கள் இதை முன்கூட்டியே பயிற்சியாளரிடம் சொன்னால் கையசைப்புக்குப் பதில் குரல் கொடுப்பார்.

சன்ஸ்கிரீனை இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்பே தடவுங்கள். காதுமடல், கழுத்தின் பின்புறம், காலின் பின்பக்கம். படுத்துக் கிடப்பதால் முழங்காலின் பின்குழி வெயிலில் வெந்துபோகும், அதை யாரும் நினைப்பதில்லை. உள்ளங்காலில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போர்டில் வழுக்கும்.

மணலில்

வகுப்பில் முதல் அரைமணி நேரம் தண்ணீரில் நடப்பதில்லை. பொறுமையற்ற நண்பர் அலைபேசியைப் பார்க்கும் நேரமும் இதுவே. அவரை விடாதீர்கள், இங்கே கவனிக்காதவர்தான் பிறகு மற்றவர் மேல் விழுகிறார்.

முதலில் எந்தக் கால் முன்னால் என்று கண்டுபிடிக்க வேண்டும். எதிர்பாராமல் பின்னாலிருந்து யாராவது லேசாகத் தள்ளினால், தடுமாறாமலிருக்க எந்தக் காலை முன்னே வைக்கிறீர்களோ, அதுவே பெரும்பாலும் முன்கால். இடதுகால் முன்னே வைப்பவரை ரெகுலர் என்றும், வலதுகாலை வைப்பவரை கூஃபி என்றும் சொல்வார்கள். இரண்டும் சரி. பின்காலின் கணுக்காலில் லீஷ் கட்டப்படும். போர்டையும் உங்களையும் இணைக்கும் கயிறு இது. ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டு இறுக்குங்கள். இதைக் கையில் சுற்றிப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அலை போர்டைச் சுண்டியிழுத்தால் விரல் போய்விடும்.

பிறகு படுப்பது. மார்பு போர்டின் நடுவில், கால்விரல்கள் பின்முனைக்கு அருகில். பார்வை நேரே முன்னால். கைகளை மாற்றி மாற்றித் துடுப்புபோல் போட்டுப் பழகுங்கள். உள்ளங்கையைச் சற்றே குவித்து, நீரைப் பின்னே தள்ளுவது.

அடுத்து எழும்புவது. பள்ளிகளில் பாப்-அப் என்று சொல்வார்கள். உள்ளங்கைகளை விலாவெலும்புக்குக் கீழே, பக்கவாட்டில் ஊன்றுங்கள். போர்டின் ஓரத்தைப் பிடிக்காதீர்கள். மார்பை உயர்த்தி, பின்காலை முதலில் உள்ளே இழுத்து, முன்காலைக் கைகளுக்கு நடுவே வைத்து எழ வேண்டும். முழங்கால் மடிந்தே இருக்கட்டும். கண் முன்னே கரையைப் பார்க்கட்டும். காலைப் பார்த்தால் தலை சாயும், தலை சாய்ந்தால் உடம்பு விழும். இதை மணலில் ஒவ்வொருவரும் பத்துத் தடவையாவது செய்துவிடுங்கள். வெட்கப்பட வேண்டாம், மற்றவர்களும் அதேபோல் கோமாளியாகத்தான் தெரிவார்கள். கடலில் செய்ய வேண்டியதில் பாதி இங்கேயே முடிந்துவிடும்.

தண்ணீரில் முதல் அரைமணி

நீங்கள் ஏறப்போவது உடைந்து முடிந்த நுரை அலை மேல். அழகாகச் சுருண்டு வரும் அலைக்கெல்லாம் முதல் நாள் போக வேண்டாம், பயிற்சியாளரும் விடமாட்டார். நுரைக்கும் வலு உண்டு.

போர்டைத் தண்ணீரில் கொண்டுபோகும்போது எப்போதும் உங்கள் பக்கவாட்டில் வைத்து, முனையை அலைக்கு நேராகத் திருப்பி இருக்க வேண்டும். குறுக்கே வைத்து உங்களுக்கு முன்னால் பிடித்தால், வரும் அலை போர்டை உங்கள் முகத்தில் அடிக்கும். அலை வரும்போது முனையைச் சற்றே தூக்கி அல்லது கூடவே ஒரு எம்பு எம்பிக் கடந்துவிடுங்கள். இடுப்பளவு தண்ணீர் போதும். மார்பளவு வந்துவிட்டால் பின்வாங்குங்கள்.

பயிற்சியாளர் போர்டைக் கரைப்பக்கம் திருப்பி, நீங்கள் படுத்ததும் நல்ல அலை ஒன்றைப் பார்த்துத் தள்ளிவிடுவார். முதலில் இரண்டு மூன்று தடவை எழாதீர்கள். படுத்தபடியே கரைவரை போய்வாருங்கள். வேகம் எப்படி ஏறுகிறது, எங்கே குறைகிறது என்று உடம்புக்குப் புரியட்டும். ஆரம்பத்திலேயே நிற்க அவசரப்படுகிறவர்கள் ஒரே தவறைப் பத்துத் தடவை செய்கிறார்கள். படுத்து வரப் பழகியதும் முழங்காலிட்டு வாருங்கள், அப்புறம் எழுங்கள்.

குழுவாக இருக்கும்போது இடைவெளி முக்கியம். இருவருக்கிடையே குறைந்தது இரண்டு போர்டு நீளம் இருக்கட்டும். கரைக்கு வரும் ஒருவர் அலையில் வந்துகொண்டிருக்கும்போது அவருடைய வழியில் குறுக்கே நடக்காதீர்கள். ஒருவர் போர்டில், ஒருவர் பக்கத்தில் நின்று கவனிக்க என்று ஜோடி ஜோடியாகப் பிரிந்துகொண்டால் நல்லது. ஒருவருக்கொருவர் தள்ளிவிட்டுக்கொள்வதைப் பயிற்சியாளர் அனுமதித்தால் மட்டும் செய்யுங்கள்.

அதிகாலையில் மீன்பிடிப் படகுகள் கரைதிரும்பும். ஃபைபர் படகு அலையோடு வேகமாக வரும், நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. அவர்களுக்கே வழி. வலை விரித்திருக்கும் இடத்திலிருந்தும் தள்ளி இருங்கள்.

போர்டில் என்ன தவறு நடக்கிறது என்று புரியாமல் தவிப்பவர்களுக்குச் சில அடையாளங்கள்: முனை தண்ணீருக்குள் குத்திக்கொண்டால் மிக முன்னால் படுத்திருக்கிறீர்கள், கொஞ்சம் பின்னால் போங்கள். அலை உங்களை விட்டுவிட்டுப் போனால் மிகப் பின்னால் இருக்கிறீர்கள். எழுந்ததும் பக்கவாட்டில் சாய்ந்தால் பாதம் நடுக்கோட்டில் இல்லை. எழுந்து நின்றும் உடனே பின்னால் விழுந்தால் முழங்கால் விறைத்துவிட்டது. இதில் கடைசியே பெரும்பாலோர் பிரச்சினை.

விழும் கலை

விழும்போது போர்டுக்கு எதிர்ப்பக்கம் அல்லது பின்பக்கம் விழுங்கள். முன்னால் விழுந்தால் போர்டு உங்கள் மேல் ஏறும். தலையை முன்னிட்டுப் பாயாதீர்கள், காலைக் குத்தியும் குதிக்காதீர்கள். கையை விரித்துப் பரவலாக, முதுகாலோ பக்கவாட்டாலோ விழ வேண்டும். தண்ணீர் இரண்டடிதான் இருக்கலாம். கழுத்தெலும்பு முறியும் விபத்துகள் பெரும்பாலும் ஆழமற்ற நீரில் தலைகுப்புறப் பாய்வதால்தான் ஏற்படுகின்றன.

தண்ணீருக்குள் இருந்து மேலே வரும்போது கைகளால் தலையை மூடி வர வேண்டும். லீஷில் கட்டிய போர்டு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, அது ரப்பர்போல் திரும்பி வரலாம். மேலே வந்ததும் முதலில் கடல்பக்கம் பாருங்கள், அடுத்த அலை வருகிறதா என்று. பிறகே கரையைப் பார்க்கலாம். பலர் நண்பர்களைப் பார்த்துச் சிரிக்கத் திரும்புவார்கள், அந்த வேளையில் முதுகில் அடுத்த அலை அடிக்கும்.

இழுப்பு

கடலில் மூழ்குகிறவர்களில் பலர் அலையால் சாவதில்லை, இழுப்பால் சாகிறார்கள். ரிப் கரண்ட் என்று சொல்வார்கள். கரைக்கு வந்து குவியும் நீர், ஒரு குறுகலான வழியில் திரும்பிக் கடலுக்குள் ஓடுகிறது. அதன் வேகம் வினாடிக்கு 2 மீட்டருக்கு மேலும் போகும், ஒலிம்பிக் நீச்சல்காரரும் எதிர்நீந்த முடியாது.

கரையில் நின்று பார்த்தால் தெரியும். இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக இருக்கும்போது நடுவில் ஒரு இடம் மட்டும் அலையில்லாமல், கறுத்து, சில வேளை மண்ணும் நுரையுமாகக் கடல்பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். 'இங்கே அலையே இல்லையே, குளிக்க நல்ல இடம்' என்று தோன்றுவதுதான் பெரும்பாலும் இழுப்பு. முட்டுக்காட்டுக் கழிமுகத்துக்கு அருகிலும், கரையில் கொட்டிய கற்களின் ஓரத்திலும் இழுப்பு அதிகம் என்பதால் அங்கே இறங்கவே வேண்டாம். தண்ணீருக்குள் போகும் முன் பயிற்சியாளரிடம் "இன்றைக்கு இழுப்பு எங்கே?" என்று கேட்டு, கையால் காட்டச் சொல்லுங்கள்.

சிக்கிக்கொண்டால்: போர்டை விடாதீர்கள். அதுதான் உங்கள் மிதவை. படுத்துக்கொண்டு ஒரு கையை உயர்த்தி அசையுங்கள். கரையை நோக்கி நேரே போராட வேண்டாம், சோர்ந்துவிடுவீர்கள். இழுப்பு குறுகலானது, கரைக்கு இணையாக வலமோ இடமோ கையால் துழாவிப் போனால் அதிலிருந்து வெளியே வந்துவிடலாம். பிறகு அலையோடு கரை சேரலாம். ஒரு நண்பர் சிக்கினால் மிதவை இல்லாமல் நீந்தி அவரிடம் போகாதீர்கள், ஒருவருக்குப் பதில் இருவர் போய்விடுவார்கள். பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள், அவர் பிடித்துக்கொள்ள ஒரு போர்டை அவர் பக்கம் தள்ளிவிடுங்கள்.

சொறி எனப்படும் ஜெல்லி மீன் பட்டால் பதற்றம் வேண்டாம். மணலால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல்நீரால் கழுவி, ஒட்டியிருப்பதை எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைத்தால் எரிச்சல் குறையும். மூச்சுத்திணறல், முகவீக்கம், மார்புவலி வந்தால் 108.

முடித்த பிறகு

ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் தண்ணீரில் இருக்காதீர்கள். களைப்பு வரும்போது உடம்புக்குத் தெரிவதில்லை, கைதான் காட்டிக்கொடுக்கும். இரண்டு தடவை கையை ஊன்றி எழ முடியாமல் சரிந்தால் வெளியே வந்துவிடுங்கள். வெளியே வந்ததும் போர்டை வெயிலில் வைக்காதீர்கள், ஃபின், அதாவது போர்டின் அடியில் துடுப்புபோல் நீட்டியிருக்கும் பாகம், மேலே இருக்குமாறு குப்புறக் கவிழ்த்து வையுங்கள், காற்று அடித்தால் பறக்காது. நல்ல தண்ணீரில் குளித்துக் காதைத் துடைத்தால் போதும், உள்ளே பஞ்சு விட்டுக் குடைய வேண்டாம்.

ஈசிஆர் ஓரம் இளநீர் கிடைக்கும், கோடையானால் நுங்கும் கிடைக்கும். உப்பும் வேர்வையும் போன உடம்புக்கு இரண்டும் நல்லது. வயிறு நிறைய மீன் வறுவல் சாப்பிடலாம், அன்றைக்கு மனசாட்சி உறுத்தாது.

மறுநாள் தோளும் விலாவும் வலிக்கும், அது இயல்பு. ஒருநாள் விட்டு இரண்டாவது வகுப்புக்குப் போனால் முதல் வகுப்பில் புரியாத பாதி விஷயம் தானாகத் தெளியும். நண்பர்களில் இருவர் மட்டும் தொடர விரும்பினால் அவர்கள் போகட்டும், மற்றவர் படகுத்துறைப் பக்கம் நடந்து வரலாம்.

இங்கே பிடித்துப்போனால் அடுத்ததற்கு மாமல்லபுரமும் புதுச்சேரியின் செரினிட்டி கடற்கரையும் இருக்கின்றன. கர்நாடகத்தில் மங்களூருக்கு வடக்கே முல்கி, கேரளத்தில் வர்கலா. இலங்கையில் தெற்கே வெலிகமை புதியவர்களுக்கென்றே அமைந்தது போன்ற மெல்லிய அலை, நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கிழக்கே அம்பாறை மாவட்டத்தின் அறுகம்பை மே முதல் செப்டம்பர் வரை. அங்கே பெரிய அலைக்குப் பழகியவர்களும் வருவார்கள் என்பதால், புதியவர்கள் பேபி பாயின்ட் எனப்படும் பகுதியோடு நின்றுகொள்ள வேண்டும்.